ஆஸ்பத்திரி இங்கிலீசும் நம்ம பிள்ளைகளும்

(வலப்பனையில் தோட்டப் பெற்றோருக்கும் உயர்தர மாணவருக்குமாக நடந்த கூட்டமொன்றில், இப்பகுதித் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த பெண் வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று ஞாயிற்றுக்கிழமை. மலைக்குப் போகாவிட்டாலும் விறகு, உடுப்பு துவைக்கிறது, கடைச்சாமான் என்று வீட்டில் ஆயிரம் வேலை கிடக்கும். அதையெல்லாம் விட்டுவிட்டு இராகலை, உடப்புசல்லாவ, ஹைபொரஸ்ட் பக்கமிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். உங்கள் நேரத்தை வீணாக்காமல் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் வீடுகளில் கிளினிக் கொப்பி ஒன்று கட்டாயம் இருக்கும். அம்மாவின் பிரஷருக்கு, தாத்தாவின் சீனி வருத்தத்துக்கு, பலகைத் தட்டிலோ பெட்டிக்குள்ளோ ஒன்று கிடக்கும். வீட்டுக்குப் போனதும் அதை ஒருக்கா விரித்துப் பாருங்கள். மருந்தின் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக 'பி.டி.' என்றோ 'டி.டி.எஸ்.' என்றோ எழுதியிருக்கும். சிலதில் 'மேன', 'நொக்டே' என்று இருக்கும். டொக்டர் இங்கிலீசில் கிறுக்கியிருக்கிறார் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருப்பீர்கள். அது இங்கிலீசே இல்லை. அது லத்தீன். ஒரு காலத்தில் ரோமாபுரிக்காரர் பேசிய பாஷை. 'பி.டி.' என்றால் நாளைக்கு இரண்டு தரம். 'டி.டி.எஸ்.' என்றால் மூன்று தரம். 'மேன' காலையில், 'நொக்டே' இரவில். 'எஸ்.ஓ.எஸ்.' என்று போட்டிருந்தால் தேவைப்படும்போது மட்டும். 'ஸ்டாட்' என்றால் இப்பவே, உடனே. லண்டனில் பிறந்த வெள்ளைக்காரப் பிள்ளைக்கும் இது பிறக்கும்போது தெரியாது. நம்ம பிள்ளையைப் போலத்தான் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொள்கிறது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், பெற்றோர் கூட்டங்களுக்குப் போகிற இடமெல்லாம் என்னிடம் கேட்கப்படுவது ஒரே கேள்விதான். "டொக்டர் பிள்ளை, எங்க புள்ள பதிமூணு வருசமும் தமிழ்லயே படிச்சிருக்கு. இங்கிலீசு அவ்வளவு வராது. டொக்டருக்குப் படிக்க ஏலுமா?" சில இடங்களில் கேள்வியாகக் கூட இல்லை, முடிவாகவே சொல்லிவிடுகிறார்கள். "நமக்கு அது சரிவராதுங்க." சாதாரணதரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் நன்றாகச் செய்த பிள்ளையை, இங்கிலீசுக்குப் பயந்தே வேறு பிரிவுக்குத் திருப்பிவிட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். ஏற்கனவே விஞ்ஞானப் பிரிவு உள்ள தமிழ்ப் பாடசாலை கிடைப்பதே இந்த மலையில் கஷ்டம். கிடைத்த பிள்ளையும் பயத்தால் திரும்பினால் நட்டம் யாருக்கு?

உள்ள நிலைமையை மறைக்காமல் சொல்கிறேன். க.பொ.த. உயர்தரத்தில் உயிரியல், இரசாயனம், பௌதிகவியல் எல்லாம் தமிழில் எழுதலாம். அரசாங்க மருத்துவ பீடம் எதுவானாலும், அது கொழும்பாகட்டும் பேராதனையாகட்டும் யாழ்ப்பாணமாகட்டும், உள்ளே போன நாள் முதல் பாடம் முழுவதும் ஆங்கிலம்தான். ஐந்து வருடப் படிப்பு, பிறகு ஒரு வருடம் ஆஸ்பத்திரியில் உள்ளகப் பயிற்சி. தொடக்கத்தில் ஆங்கில வகுப்பு வைக்கிறார்கள், உதவி இருக்கிறது. ஆனாலும் முதல் வருடம் கஷ்டம். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஒரு மணித்தியால விரிவுரையில் கால்வாசி விளங்கினால் அது நல்ல நாள்.

ஆனால் எது கஷ்டம் என்பதை நாம் பிழையாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். எல்லோரும் பயப்படுவது அந்த நீள நீளமான பெயர்களுக்கு. உண்மையில் அதுதான் லேசு. ஏன் என்று விளக்குகிறேன், தம்பிமார் தங்கைமார் கொஞ்சம் கவனியுங்கள்.

வைத்தியத்தில் வருகிற பெரிய சொற்களில் முக்கால்வாசி கிரேக்கத் துண்டுகளும் லத்தீன் துண்டுகளும் ஒட்டிச் செய்தவை. 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அந்த இடத்தில் அழற்சி, அதாவது வீங்கிச் சிவந்து நோகிறது என்று அர்த்தம். கிரேக்கத்தில் ஈரலுக்கு 'ஹெபார்'. ஈரலில் அழற்சி, 'ஹெப்பட்டைட்டிஸ்'. மூட்டுக்கு 'ஆர்த்ரோன்'. மூட்டில் அழற்சி, 'ஆர்த்ரைட்டிஸ்'. தொண்டைச் சதையில் வந்தால் 'டொன்சிலைட்டிஸ்'. 'எக்டமி' என்று முடிந்தால் வெட்டி எடுத்தாயிற்று என்று அர்த்தம். அப்பெண்டிக்ஸ் வீங்கினால் 'அப்பெண்டிசைட்டிஸ்', அதையே ஒப்பரேஷன் செய்து எடுத்தால் 'அப்பெண்டிசெக்டமி'. முன்னால் 'டிஸ்' வந்தால் சிரமம், கோளாறு. பின்னால் 'யூரியா' வந்தால் சிறுநீர். இரண்டையும் சேர்த்தால் 'டிஸ்யூரியா'. நாம் நீர்க்கடுப்பு என்று சொல்கிறோமே, அதுதான்.

நீர், கடுப்பு. நெஞ்சு, எரிச்சல். வயிறு, போக்கு. நம்முடைய தமிழே துண்டு துண்டாகச் சேர்த்துச் சொல்கிற பாஷைதானே. அதனால் இந்த வேலை நம்ம பிள்ளைகளுக்குப் புதிதில்லை. நூறு, நூற்றைம்பது துண்டு பாடமானால் ஆயிரக்கணக்கான சொல் தானாக விளங்கும். கொழும்பில் பெரிய பள்ளிக்கூடத்தில் இங்கிலீசிலேயே படித்து வந்த பிள்ளைக்கும் 'ஹெபார்' முதல் நாள் புதுச் சொல்தான். அந்த இடத்தில் எல்லோரும் ஒரே கோட்டில்தான் நிற்கிறார்கள்.

ஒரு இடத்தில் மட்டும் மிகக் கவனம் வேண்டும். 'ஹைப்பர்' என்றால் கூட, 'ஹைப்போ' என்றால் குறைய. சீனி கூடிப்போவது 'ஹைப்பர்கிளைசீமியா', குறைந்துபோவது 'ஹைப்போகிளைசீமியா'. எழுத்தில் சிறு வித்தியாசம்தான், வைத்தியம் நேர் எதிர். சீனி குறைந்து வியர்த்து மயங்குகிறவருக்கு இன்சுலின் கொடுத்தால் உயிர் போகும். அதனால்தான் பிள்ளைகளுக்கு நான் சொல்வது, புதுச்சொல்லைக் கொப்பியில் எழுதும்போது ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள். தமிழ் எழுத்தில் 'ப' ஒன்றுதான், ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு எழுத்து. காதால் கேட்டதைத் தமிழில் எழுதி வைத்தால் சோதனை நேரம் எழுத்துப் பிழைக்கும். (இந்தப் பத்திரிகையில் அச்சாகும்போது எல்லாம் தமிழ் எழுத்தில்தான் வரும், அது வேறு விஷயம்.)

அப்போ எது கஷ்டம்? சின்னச் சின்ன இங்கிலீசு. அன்றாடச் சொல் மாதிரியே இருந்துகொண்டு ஆஸ்பத்திரியில் வேறு அர்த்தம் தருகிற சொற்கள். 'நெகட்டிவ்' என்றால் வெளியில் கெட்டது, ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் நல்ல செய்தி, தேடிய நோய் இல்லை என்று அர்த்தம். 'பொசிட்டிவ்' என்று ரிப்போர்ட் வந்ததும் சந்தோஷப்பட்டு வீடு திரும்பியவர்கள் இருக்கிறார்கள். 'குரோனிக்' என்றால் கடுமையானது என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். நாள்பட்டது என்றுதான் அதற்கு அர்த்தம். 'அக்யூட்' என்றால் திடீரென்று வந்தது. 'ஷொக்' என்று டொக்டர் எழுதினால் நோயாளி பயந்துவிட்டார் என்று அர்த்தமில்லை, இரத்த ஓட்டம் விழுந்து உயிர் ஊசலாடுகிறது என்று அர்த்தம். 'டெண்டர்' என்றால் தொட்டு அமுக்கினால் நோகிறது. நோயாளி 'கம்ப்ளெயின்' பண்ணுகிறார் என்று எழுதியிருப்பார்கள், அவர் யார் மீதும் முறைப்பாடு வைக்கவில்லை, தன் வருத்தத்தைச் சொல்கிறார், அவ்வளவுதான். 'அன்ரிமார்க்கபிள்' என்று ஒரு சொல். முதன்முதல் அதைப் பார்த்தபோது அகராதியைப் புரட்டினேன், 'குறிப்பிடத்தக்கதல்லாத' என்று போட்டிருந்தது. வயிறு எப்படிக் குறிப்பிடத்தக்கதல்லாமல் இருக்கும்? பிறகு ஒரு சீனியர் அக்கா சொல்லித் தந்தார். சோதித்துப் பார்த்ததில் குறையொன்றும் இல்லை என்பதைத்தான் அப்படி எழுதுகிறார்கள்.

இந்த இங்கிலீசு அகராதியில் இல்லை. வாட்டில் நின்று, பெரிய டொக்டர் பேசுவதைக் கேட்டு, நோயாளியின் டிக்கட்டைப் படித்துப் படித்துத்தான் வரும். கொழும்புப் பிள்ளைகளுக்கு இங்கே கொஞ்சம் முந்தும் வாய்ப்பு உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் அதுவும் இரண்டு வருட விஷயம். எங்கள் வகுப்பில் மூன்றாம் வருடம் வந்தபோது யார் எந்தப் பாஷையில் படித்துவிட்டு வந்தார்கள் என்று பேச்சை வைத்துச் சொல்ல முடியாத அளவுக்கு எல்லோரும் ஒன்றாகிவிட்டோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிங்களத்தில் படித்துவிட்டு வந்த பிள்ளைகளும் நம்மைப் போலவேதான் திண்டாடினார்கள். நில்தண்டாஹின்ன பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து வந்த ஒருவர் என் வகுப்பில் இருந்தார். அவருடைய ஊரும் என் தோட்டமும் ஒரே மலையின் இரண்டு பக்கம். முதல் வருடம் இருவருக்கும் ஒன்றும் ஓடவில்லை. பின்னேரம் உட்கார்ந்து இருவருமாக அன்றைய பாடத்தைப் பிரித்தோம். அவர் எனக்குச் சிங்களம் சொல்லித் தந்தார், நான் அவருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தேன், இங்கிலீசை இருவரும் சேர்ந்து கண்டுபிடித்தோம். நம்ம பக்கத்து ஆஸ்பத்திரிகளில் வேலை செய்ய மூன்று பாஷையும் வேண்டும் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. இன்றைக்கு அது இருவருக்கும் சோறு போடுகிறது.

நான் எப்படிப் படித்தேன் என்று தங்கைமார் கேட்டார்கள். பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு சி.ஆர். கொப்பி. பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டேன். முதலாவதில் ஆங்கிலச் சொல். இரண்டாவதில் அதன் துண்டுகளும், உயர்தரத்தில் நாம் படித்த தமிழ்ச்சொல்லும். மூன்றாவதில் அதையே லயத்தில் எப்படிச் சொல்வார்கள் என்று. முதல் இரண்டையும் புத்தகம் பார்த்து நிரப்பினேன். மூன்றாவதை நிரப்பியது என் அம்மா. அம்மா கொழுந்து பறித்தவர், கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர். கிழமைக்கு ஒரு தரம் போன் எடுக்கும்போது நான் கேட்பேன், "அம்மா, மூச்சு எடுக்கக் கஷ்டமா இருந்தா என்னன்னு சொல்லுவீங்க?" அம்மா சொல்வார், "எந்த மூச்சுடி? ஏத்தத்துல ஏறினா மூச்சு வாங்கும். சளி கட்டினா இழுக்கும். நெஞ்ச அடைச்சா முட்டும்." நான் படித்த புத்தகத்தில் இவையெல்லாம் 'டிஸ்ப்னியா' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கியிருந்தன. அம்மாவிடம் மூன்று சொல் இருந்தது, மூன்றும் வேறு வேறு காரணத்தைக் காட்டின. ஏற்றத்தில் வாங்குகிற மூச்சையும், சளியோடு இழுக்கிற மூச்சையும், நெஞ்சை அடைத்து முட்டுகிற மூச்சையும் பிரித்துக் கேட்பதுதான் வைத்தியத்தில் பாதி வேலை.

பள்ளிக்கூடத் தமிழும் லயத்துத் தமிழும் ஒன்றில்லை என்பதையும் அந்தக் கொப்பிதான் எனக்குக் காட்டியது. புத்தகத்தில் 'குருதி', வீட்டில் 'ரத்தம்'. புத்தகத்தில் 'சமிபாடு', வீட்டில் 'செமிக்கல'. புத்தகத்தில் 'உயர் குருதி அமுக்கம்', வீட்டில் 'பிரஷர்'. புத்தகத்தில் 'நாடி' என்றால் இருதயத்திலிருந்து இரத்தம் கொண்டுபோகிற குழாய். வீட்டில் 'நாடி புடிச்சுப் பாருங்க' என்றால் துடிப்பை. யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவர் 'விறைக்குதா?' என்று கேட்டால், உணர்ச்சி இல்லாமல் போகிறதா என்று கேட்கிறார். நம்ம ஆட்கள் அதை 'மரத்துப்போச்சு' என்போம். தமிழ் டொக்டர், தமிழ் நோயாளி, ஆனாலும் இரண்டு பேரும் முழித்துக்கொண்டு நிற்கிறதை நான் பார்த்திருக்கிறேன்.

இது வெறும் சொல் விளையாட்டில்லை. நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எந்த ஆஸ்பத்திரி, யார் என்பது வேண்டாம். வயிற்று நோவோடு தோட்டத்து இளம்பெண் ஒருவர் வந்தார். விசாரித்தவர் என்னோடு படித்த சகோதர மொழிக்காரர். ஆர்வமாகத் தமிழ் பழகியவர். நல்ல மனிதர். கடைசியாகத் தீட்டு எப்போது வந்தது என்று தமிழிலேயே கேட்டார். அந்தப் பெண் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டு, "முழுகாம இருக்கேங்க" என்றார். அவர் அறிந்த தமிழில் முழுகுதல் என்றால் குளித்தல். வருத்தம் என்பதால் குளிக்கவில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டு எக்ஸ்ரே துண்டு எழுதப் போனார். நான் பக்கத்துக் கட்டிலில் நின்றதால் காதில் விழுந்தது. முழுகாமல் இருக்கிறார் என்றால் பிள்ளை உண்டாகியிருக்கிறார் என்று இங்குள்ள கிழவிகள் எல்லோருக்கும் தெரியும். எக்ஸ்ரே நின்றது. ஸ்கேன் எடுத்தார்கள். கரு கருப்பைக்குள் சரியான இடத்தில்தான் இருந்தது. குழாயில் தங்கியிருந்தால் அந்த வயிற்று நோவு உயிரையே எடுத்திருக்கும். அன்றைக்கு அந்த வாட்டில் தேவைப்பட்டது லத்தீனும் இல்லை, கிரேக்கமும் இல்லை.

இப்போது ஒரு அப்பா முன்வரிசையிலிருந்து கேட்டார், "அப்ப இதையெல்லாம் தமிழ்லயே படிப்பிச்சா என்ன?" நல்ல கேள்வி. இந்த நாட்டிலேயே அப்படிப் படிப்பித்திருக்கிறார்கள். நம்மில் பலருக்குத் தெரியாத கதை, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் என்று ஒரு அமெரிக்க வைத்தியர். 1822-ல் பிறந்தவர். மிஷன் வேலைக்காக 1847-ல் யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த வருடமே மானிப்பாயில் உள்ளூர் இளைஞர்களுக்கு மேல்நாட்டு வைத்தியம் படிப்பிக்கத் தொடங்கினார். ஆரம்பத்தில் இங்கிலீசில்தான் படிப்பித்தார். படித்து முடித்தவர்கள் என்ன செய்தார்கள்? இங்கிலீசு தெரிந்ததால் அரசாங்கச் சம்பளம் கிடைத்தது. ஊரை விட்டுப் போனார்கள். கிராமத்து நோயாளி பழைய இடத்திலேயே இருந்தார். இதைப் பார்த்துப் பார்த்து, 1860-களில் வகுப்பையே தமிழுக்கு மாற்றினார். தமிழில் படித்தவன் ஊரில் நிற்பான் என்பது அவர் கணக்கு.

படிப்பிக்கப் புத்தகம் வேண்டுமே? அவரும் அவரிடம் படித்த மாணவர்களும் உட்கார்ந்து மொழிபெயர்த்தார்கள். சத்திர சிகிச்சைக்கு 'இரண வைத்தியம்', 1867-ல். உடற்கூற்றுக்கு 'மனுஷ அங்காதிபாதம்', 1872-ல். இது உலகமெங்கும் மருத்துவ மாணவர்கள் இன்றைக்கும் தூக்கித் திரிகிற கிறேயின் உடற்கூற்று நூல். லண்டனில் அது முதலில் வெளிவந்தது 1858-ல். பதினான்கே வருடத்தில் யாழ்ப்பாணத்துப் பிள்ளை அதைத் தமிழில் படித்தது. இரசாயனத்துக்கு 'கெமிஸ்தம்', 1875-ல். சொல் தேடும்போது அவர் வைத்திருந்த முறை, முதலில் தமிழில் தேடு, இல்லாவிட்டால் சமஸ்கிருதத்தில் தேடு, அதிலும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுது என்பது. கெமிஸ்ட்ரி 'கெமிஸ்தம்' ஆனது அப்படித்தான். 1873-ல் ஊர் திரும்பியும் புத்தக வேலையை விடவில்லை. 1884-ல் இறந்தார். தமிழருக்கு வைத்தியத் தொண்டு செய்தவர் என்றுதான் அமெரிக்காவில் அவருடைய கல்லறையில் பொறித்திருக்கிறார்கள். மானிப்பாயில் அவர் பெயரில் ஆஸ்பத்திரி இன்றும் இருக்கிறது.

அந்த 1872 என்ற வருடத்தைக் கவனியுங்கள். அதே வருடத்தில்தான் இந்த மலைநாட்டுத் தோட்டங்களில் வேலை செய்கிறவர்களுக்கு வைத்திய வசதி செய்ய வேண்டும் என்று வெள்ளைக்கார அரசாங்கம் சட்டம் போட்டது. அப்போது இங்கே பெரும்பாலும் கோப்பித் தோட்டம், தேயிலை தொடங்கி ஐந்து வருடம்தான். வடக்கே தமிழில் உடற்கூறு அச்சாகிறது. இங்கே தமிழ் பேசுகிற தொழிலாளிக்கு வைத்தியம் பார்க்கச் சட்டம் வருகிறது. அந்தப் புத்தகம் படித்தவர்களுக்கும் இந்த மலைக்கும் இடையில் யாராவது ஒரு பாலம் போட்டிருந்தால் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

கிறீன் போன பிறகு தமிழ்வழி வைத்தியப் படிப்பு நிலைக்கவில்லை. கொழும்பில் அரசாங்க மருத்துவக் கல்லூரி 1870-ல் தொடங்கியிருந்தது. அங்கே இங்கிலீசு. உத்தியோகமும் இங்கிலீசில். பிள்ளைகள் எங்கே போவார்கள்? இந்தியாவில் மத்தியப் பிரதேசத்தில் 2022-ல் ஹிந்தியில் மருத்துவப் பாடநூல்கள் வெளியிட்டிருக்கிறார்கள். அது எவ்வளவு தூரம் போகும் என்று பொறுத்துப் பார்க்க வேண்டும்.

என்னுடைய அபிப்பிராயத்தைக் கேட்டால், படிப்பு ஆங்கிலத்தில் இருப்பதில் எனக்குச் சண்டை இல்லை. புதுப் புத்தகம், புது மருந்து, மேற்படிப்பு எல்லாம் அதில்தான் வருகிறது. நுவரெலியாவில் எழுதிய டிக்கட்டை கண்டியில் சிங்கள டொக்டரும், மட்டக்களப்பில் தமிழ் டொக்டரும் ஒரே மாதிரி வாசிக்க முடிகிறது. அதில் நோயாளிக்கு லாபம் இருக்கிறது. 'அங்காதிபாதம்' என்ற சொல்லும் லயத்தில் இருக்கிற நமக்கு இங்கிலீசு மாதிரியேதான் இருக்கிறது, இல்லையா? கிறீனுடைய கேள்விதான் எனக்கு முக்கியம். படித்தவர் யாரிடம் திரும்பி வந்து பேசப் போகிறார்? நோயாளியிடம் அவர் பேச்சிலேயே விசாரிக்கவும் விளக்கவும் தெரிகிறதா என்பதை, உடற்கூறு சோதிக்கிற மாதிரிக் கண்டிப்பாக எல்லா இடமும் சோதிக்க வேண்டும் என்பது என் ஆசை.

பெற்றோர் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். பிள்ளை தமிழில் விஞ்ஞானம் படிப்பதைக் குறையாக நினைத்து இடையில் மாற்றாதீர்கள். தமிழில் தெளிவாக விளங்கியதை ஆங்கிலத்துக்கு மாற்றுவது சொல் மாற்றுகிற வேலை. விளங்காமல் இங்கிலீசில் பாடமாக்கியதை மாற்ற ஒன்றுமே இல்லை. அதே நேரம் பாடசாலையில் நடக்கிற ஆங்கிலப் பாடத்தைப் பிள்ளை அசட்டை பண்ண விடாதீர்கள், டியூஷன் காசு இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி. தேசிய கல்வி நிறுவகத்தின் உயர்தர உயிரியல் வளநூல் தமிழிலும் இருக்கிறது, ஆங்கிலத்திலும் இருக்கிறது. பிள்ளைகளே, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தமிழில் படித்து முடித்த பாடத்தை மட்டும் ஆங்கிலத்தில் ஒருக்கா வாசியுங்கள். என்ன சொல்லப்போகிறது என்று உங்களுக்கு ஏற்கனவே தெரியும், அதனால் இங்கிலீசு பயமுறுத்தாது. நாளைக்கு ஒரு பக்கம் போதும். உயர்தரப் பரீட்சை முடிந்து பல்கலைக்கழகம் தொடங்கும்வரை பல மாதம் சும்மா போகும். பிள்ளையைக் கொழும்புக்குக் கடை வேலைக்கு அனுப்புகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. வீட்டுக் கஷ்டம் எனக்கும் தெரியும். நானும் அப்படி வளர்ந்தவள்தான். போனாலும் கையில் அந்த ஆங்கில வளநூலைக் கொடுத்து அனுப்புங்கள்.

முதல் வருடத்தில் பிள்ளை போன் எடுத்து "எனக்கு ஏலாதும்மா, நான் வந்துடுறேன்" என்று அழும். கட்டாயம் அழும். அப்போது "சரி, வந்துடு" என்று சொல்லிவிடாதீர்கள், திட்டவும் வேண்டாம். இன்றைக்கு என்ன பாடம் நடந்தது என்று கேளுங்கள். "நமக்கு விளங்காதே" என்று யோசிக்காதீர்கள். உங்களுக்கு விளங்குகிற மாதிரித் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். அது சொல்லப் பார்க்கும்போது அதற்கே விளங்கும். என் அம்மாவுக்குச் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிச் சொல்லித்தான் எனக்கு அது மனதில் பதிந்தது. கடைசியில் அம்மா கேட்டார், "அப்ப ஃபாக்டரியில கொழுந்த சல்லட போட்டு சலிக்கிற மாதிரியா?" ஏறக்குறைய அப்படித்தான்.

ஒரு சின்ன வேடிக்கை சொல்லி முடிக்கிறேன். ஒப்பரேஷனுக்கு முதல்நாள் கட்டிலில் 'நில் ஓரல்' என்று அட்டை தொங்கவிடுவார்கள். லத்தீனில் 'நில்' என்றால் ஒன்றுமில்லை, வாய் வழியாக ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று அர்த்தம். அந்த அட்டையை ஒரு தாத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சொன்னார், "நில்லுன்னு தமிழ்லதானே போட்டிருக்கு. அதான் சோத்த நிப்பாட்டிட்டேன்." அவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

என்னுடைய அந்தக் கொப்பியைக் கொண்டு வந்திருக்கிறேன். பிள்ளைகள் பார்க்கலாம், போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். தாய்மாருக்கு ஒரு வேலை தருகிறேன். பின்வரிசையில் ஒரு வெற்றுக் கொப்பி வைத்திருக்கிறது. உங்கள் தோட்டத்தில், உங்கள் பாட்டி காலத்திலிருந்து ஒரு வருத்தத்துக்குச் சொல்லி வருகிற சொல் எதுவானாலும் சொல்லுங்கள், எழுதத் தெரிந்த பிள்ளை எழுதிக்கொள்ளும். புருக்சைட் பக்கத்து ஆட்கள் ஒன்று சொல்கிறார்கள், கந்தப்பளையில் வேறு சொல்கிறார்கள். எனக்கே தெரியாத சொல் நிறைய இருக்கும். தேத்தண்ணி வரும்வரை நேரம் இருக்கிறது, ஆறுதலாகச் சொல்லுங்கள்.